ஒரே டீபக்கர், மூன்று வகைப் புராசஸர்: எதிரே இருப்பது எது என்று அதுவே தெரிந்துகொள்ளச் செய்வது எப்படி?

பாளை_மோட்டார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் கிணற்று மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் போர்டு செய்யும் சிறு பட்டறை ஒன்றில் ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஓடும் நிரல், எழுதுகிறேன். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலோ, கிணறு வற்றி மோட்டார் வெறுமனே ஓடினாலோ நிறுத்திவிடுவதுதான் அந்தப் போர்டின் வேலை. மானூர், ஆலங்குளம் பக்கத்துத் தோட்டங்களுக்குத்தான் பெரும்பாலும் போகிறது.

தொடக்கத்தில் ஏஆர்எம்மின் கார்டெக்ஸ்-எம்3 புராசஸர் கொண்ட சிப் ஒன்றையே பயன்படுத்தினோம். 2021இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததை வாங்கிப் போட்டதால், இன்று வெளியே ஓடும் போர்டுகளில் எம்0+, எம்3, எம்4எஃப் ஆகிய மூன்றும் கலந்து கிடக்கின்றன. பழுது பார்க்க நானே செய்த புரோப் ஒன்று இருக்கிறது. அது ஒரு பக்கம் எஸ்டபிள்யூடி என்ற டீபக் இணைப்பின் இரண்டு கம்பிகள் வழியே சிப்புடனும், மறுபக்கம் யூஎஸ்பி வழியே மடிக்கணினியில் ஓடும் ஜிடிபி என்ற டீபக்கருடனும் (நிரலின் பிழையைத் தேட உதவும் மென்பொருள்) பேசும்.

எம்3-க்காக எழுதியபோது, ரெஜிஸ்டர்களை (புராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களை) மொத்தமாக அனுப்பும் 'ஜி' பாக்கெட்டில் 17 ரெஜிஸ்டர்களை மட்டும் வைத்தேன். தொகுத்த நிரல் அடங்கிய ஈஎல்எஃப் கோப்பை ஜிடிபிக்குக் கொடுக்காமல் இணைத்தால், 16ஆம் ரெஜிஸ்டர் பாதியில் அறுந்துவிட்டது என்று ஜிடிபி முறையிட்டது. எங்கேயோ படித்ததை நம்பி, நடுவில் 100 பைட் பூஜ்யத்தை நிரப்பி அனுப்பியதும் முறையீடு நின்றுவிட்டது. அந்தப் பூஜ்யங்கள் எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது எம்4எஃப்பில் உள்ள மிதவைப்புள்ளி (தசமப் புள்ளி எண்) ரெஜிஸ்டர்களைக் காட்ட அந்த அமைப்பில் இடமில்லை. எம்0+இலோ, ஆறு பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைக்கும் என் பழைய ஸ்கிரிப்டை ஓட்டினால் முதல் நான்கு மட்டுமே பிடிக்கின்றன. மற்ற இரண்டும் பிழைச் செய்தி எதுவுமின்றிக் காணாமல் போகின்றன.

தற்போது புரோப்பின் ஃபர்ம்வேரை மூன்று விதமாகத் தொகுத்து, மூன்று புரோப்களில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நாடா ஒட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் தோட்டத்தில் நின்றுகொண்டு பச்சைக்குப் பதில் மஞ்சளை மாட்டிவிட்டு, அரை நாள் தவறான எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே புரோப், எந்தச் சிப்புடன் இணைந்தாலும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்படி செய்ய என்ன வழி?

---

பொருநைக்கரை எழுதியது:

தம்பி, முதலில் அந்த 100 பைட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

ஏஆர்எம் புராசஸர்களுக்கு எஃப்பிஏ என்ற பழைய மிதவைப்புள்ளித் துணைப் புராசஸர் ஒரு காலத்தில் இருந்தது. அதில் எஃப்0 முதல் எஃப்7 வரை எட்டு ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 12 பைட். நிலை ரெஜிஸ்டர் ஒன்று, 4 பைட். ஆக 100 பைட். ஜிடிபியின் பழைய ஏஆர்எம் அமைப்பில் ஆர்0 முதல் ஆர்15 வரை 64 பைட்டும், அடுத்து இந்த நூறும், கடைசியாக 25ஆம் எண்ணில் சிபிஎஸ்ஆர் என்ற நிலை ரெஜிஸ்டரும் வரும். மொத்தம் 168 பைட். எதிரே இருப்பது எது என்று யாரும் சொல்லாதபோது ஜிடிபி அந்தப் பழைய வழக்கத்தையே எடுத்துக்கொண்டது. நீங்கள் 68 பைட் அனுப்பினீர்கள். அது 16ஆம் ரெஜிஸ்டரை 12 பைட் கொண்ட எஃப்0 என்று எண்ணி, நான்கு பைட்டோடு அறுந்துவிட்டது என்றது. உங்கள் சிப்பில் என்றுமே இருந்திராத ஒரு துணைப் புராசஸருக்கு இத்தனை நாள் படையல் போட்டு வந்திருக்கிறீர்கள்.

ஈஎல்எஃப் கோப்பைக் கொடுத்தால் முறையீடு வராததற்கும் காரணம் உண்டு. அந்தக் கோப்பில் கம்பைலர் எழுதிவைத்த பண்புப் பகுதியிலிருந்து, இது எம் வகை என்று ஜிடிபி தெரிந்துகொள்கிறது. பிறகு வரும் பாக்கெட்டின் நீளத்தைப் பார்த்து, 68 பைட் என்றால் சாதாரண எம் அமைப்பு, 168 என்றால் பழைய எஃப்பிஏ அமைப்பு என்று ஊகிக்கிறது. ஊகம் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் நீளம் ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் இரண்டு அமைப்புகள் வந்துவிட்டால் அதற்கு வேறுபாடு தெரியாது. மரக்கால் என்ற பெயர் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்தாலும் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறிய காலத்தில், பெயரை மட்டும் கேட்டு நெல் வாங்கியவன் பட்ட பாடு போன்றது இது.

முறையான வழி, ஜிடிபியை ஊகிக்க விடாமல் உங்கள் புரோப்பே சொல்லிவிடுவதுதான். இணைப்பின் தொடக்கத்தில், நீ எதையெல்லாம் ஆதரிக்கிறாய் என்று ஜிடிபி கேட்கும் பாக்கெட் ஒன்று வரும். அதற்கான பதிலில், சிப்பின் விவரணையைத் தர என்னால் முடியும் என்று தெரிவித்துவிட்டால், அடுத்து 'டார்கெட்.எக்ஸ்எம்எல்' என்ற கோப்பை அது கேட்டு வாங்கும். அதில் ஒவ்வொரு ரெஜிஸ்டரின் பெயர், பிட் அளவு, வகை, எண் எல்லாம் இருக்கும். ரெஜிஸ்டர்களை ஃபீச்சர் என்ற தொகுதிகளாகக் கட்ட வேண்டும். தொகுதிகளின் பெயர்கள் ஜிடிபியின் கையேட்டில் வரையறுக்கப்பட்டவை. எம் வகைக்கான தொகுதியில் ஆர்0 முதல் ஆர்12, எஸ்பி (ஸ்டாக் முனை), எல்ஆர் (திரும்பும் முகவரி), பிசி (ஓடும் கட்டளையின் முகவரி), எக்ஸ்பிஎஸ்ஆர் (நிலை) ஆகியவை இருந்தே ஆக வேண்டும். மிதவைப்புள்ளி இருந்தால் அதற்குரிய விஎஃப்பி தொகுதியைக் கூடுதலாகச் சேர்க்கலாம். இதில் ஒரு சிறு கண்ணி உண்டு. சிப்பிலிருந்து எஸ்0, எஸ்1 என்று 32 பிட் துண்டுகளாகத்தான் நீங்கள் படிப்பீர்கள். ஜிடிபியோ டி0 முதல் டி15 வரை 64 பிட் ரெஜிஸ்டர்களைக் கேட்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து அனுப்பினால் போதும். எஸ் பெயர்களை அதுவே மீண்டும் பிரித்துக் காட்டிவிடும்.

மூன்று விதமாகத் தொகுப்பதற்காக வெட்கப்பட வேண்டாம். ஜிடிபியே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு தலைப்புக் கோப்பு, அதில் மேக்ரோக்கள். ஒரு தொகுப்பு ஒரு புராசஸரை மட்டுமே அறியும். 2000ஆம் ஆண்டில் வந்த 5.0 பதிப்பை ஒட்டிய காலத்தில்தான் அந்த மேக்ரோக்களை எல்லாம் 'ஜிடிபிஆர்க்' என்ற ஒரே கட்டமைப்பின் உறுப்புகளாக மாற்றும் வேலை நடந்தது. இப்போது ஈஎல்எஃப், பைட் வரிசை, எக்ஸ்எம்எல் விவரணை ஆகியவற்றை வைத்து அந்தக் கட்டமைப்பின் பிரதி ஒன்று ஓடும்போதே உருவாகிறது. அதே விவரங்கள் மீண்டும் வந்தால் முன்பு உருவாக்கியதையே எடுத்துக்கொள்கிறது.

---

ஆலங்குளத்தான் எழுதியது:

பொருநைக்கரை அண்ணாச்சி சொன்னதில் பிழை இல்லை. ஆனால் சிப்பையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எனக்கு உடன்பாடு குறைவு. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழுது பார்க்கிறேன். சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்கு உரிய அமைப்பை ஓர் அட்டவணையிலிருந்து எடுக்கும் முறை எனக்கு இதுவரை போதுமாக இருந்திருக்கிறது. நிரல் பதியும் ஃபிளாஷ் நினைவகத்தின் பக்க அளவு என்ன, அதை எப்படி அழிப்பது, வாட்ச்டாகை (நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமரை) எங்கே நிறுத்துவது என்பதை எல்லாம் சிப் சொல்லாது. எப்படியும் அட்டவணை ஒன்று வைக்கத்தான் போகிறோம் என்றால், ரெஜிஸ்டர் விவரத்தையும் அதிலேயே வைத்துவிட்டுப் போகலாமே?

---

வள்ளியூர்க்_காற்று எழுதியது:

அட்டவணை வைத்ததால் நான் பட்டதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில், தலைப்பகுதியைக் காற்றுத் திசைக்குத் திருப்பும் மோட்டாரின் துணைக் கட்டுப்பாட்டுப் போர்டுகளைப் பராமரிக்கிறேன். ஆடிக்காற்றில் கோபுரத்தின் மேலே ஏறி டீபக்கரை மாட்டிக்கொண்டு உட்கார முடியாது. ஆகவே போர்டு செயலிழந்தால், அந்த நொடியின் ரெஜிஸ்டர்களையும் ஸ்டாக்கின் (அழைப்பு விவரங்கள் அடுக்கப்படும் நினைவகத்தின்) கடைசிப் பகுதியையும், மின்சாரம் போனாலும் அழியாத ஈபிராம் நினைவகத்தில் எழுதிவிடும். கீழே கொண்டுவந்து, நான் பைத்தானில் எழுதிய சிறு நிரலில் கொடுத்தால் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று வரிசையாகக் காட்டும். ஆஃப்லைன் டீபக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எம்3 போர்டுகளில் அது பிசகாமல் வேலை செய்தது. எம்4எஃப்-க்கு மாறியபின் வரிசையின் முதல் இடம் எப்போதும் சரியாக வரும், இரண்டாவதிலிருந்து குப்பை. அதுவும் எல்லா நாளும் அல்ல. சில பதிவுகளில் முழு வரிசையும் சரியாகவே வந்தது. மின்னலா, கேபிளில் இரைச்சலா, ஈபிராமின் கோளாறா என்று அரை மாதம் அலைந்தேன்.

காரணம் இதுதான். ஓடும் நிரலில் குறுக்கிடும் இன்டரப்ட் வரும்போது எம்3 எட்டுச் சொற்களை, அதாவது 32 பைட்டை, ஸ்டாக்கில் வைக்கும். எம்4எஃப்பில், குறுக்கிடப்பட்ட நிரல் மிதவைப்புள்ளியைப் பயன்படுத்தியிருந்தால், 26 சொற்களுக்கு, அதாவது 104 பைட்டுக்கு, இடம் ஒதுக்கும். ஆர்0, பிசி முதலிய எட்டும் இரண்டிலும் அதே வரிசையில் அடியில் இருப்பதால் முதல் இடம் சரியாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் முந்தைய ஸ்டாக் முனை 72 பைட் தள்ளி இருக்க, என் நிரல் அட்டவணையில் எழுதியிருந்த 32-ஐக் கூட்டிவிட்டு எங்கேயோ போய் நிற்கிறது. காற்றின் வேகச் சராசரியைக் கணக்கிடும் பகுதி ஓடியபின் விழுந்த பதிவுகள் மட்டும் கெட்டிருந்தன, மற்றவை தப்பித்திருந்தன.

எந்த அளவு ஒதுக்கப்பட்டது என்பதைச் சிப் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. இன்டரப்டுக்குள் நுழையும்போது எல்ஆர் ரெஜிஸ்டரில் வைக்கப்படும் திரும்பும் குறியீட்டில் 4ஆம் பிட் 1 என்றால் 32 பைட் கொண்ட சிறிய சட்டகம். 0 என்றால் பெரியது. எம்3-யில் அது எப்போதும் 1. அந்த ஒரு பிட்டைப் பார்த்திருந்தால் என் நிரல் மூன்று வகைக்கும் மாற்றமின்றிப் பொருந்தியிருக்கும். எக்ஸ்பிஎஸ்ஆரின் 9ஆம் பிட்டையும் பாருங்கள். ஸ்டாக்கை எட்டு பைட் எல்லைக்கு ஒழுங்குபடுத்த 4 பைட் சேர்க்கப்பட்டதா என்பதை அது சொல்லும். இதற்கு எந்த அட்டவணையும் விடை தராது, அண்ணாச்சி. ஒரே சிப்பில் நொடிக்கு நொடி மாறுகிற விஷயம் இது.

---

பாளை_மோட்டார் எழுதியது:

அண்ணாச்சிமார் இருவருக்கும் நன்றி. அந்தப் பூஜ்யங்களை இன்றே எடுத்துவிடுகிறேன்.

சிப்பைக் கேட்பது என்றால் எதை, எந்த வரிசையில் கேட்க வேண்டும்? மிதவைப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்க, அதை இயக்கும் சிபிஏசிஆர் ரெஜிஸ்டரில் எழுதிப் பார்த்து, எழுதியது நிற்கிறதா என்று சோதிக்கலாம் என்று ஓரிடத்தில் படித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் போர்டில் அப்படி எழுதிப் பார்க்கலாமா?

---

பொருநைக்கரை எழுதியது:

எழுத வேண்டாம். உள்ளே ஓடும் நிரலுக்கு அது சரியான வழி. வெளியிலிருந்து பார்க்கும் டீபக்கருக்கு அல்ல. மிதவைப்புள்ளி அணைந்திருக்கும்போது அதைப் பயன்படுத்தியதால் செயலிழக்கிற ஒரு நிரலை நீங்கள் ஆராய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த ரெஜிஸ்டரைத் தொட்டு அதை இயக்கிவிட்டால், தேடி வந்த பிழையே மறைந்துவிடும். கேட்கும் கேள்வி, கேட்கப்படுபவனின் நிலையை மாற்றக் கூடாது.

வரிசையை நான் இப்படி வைத்திருக்கிறேன். (ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான, எண்களின் எழுத்துகளை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்றே எழுதுகிறேன்.)

முதலில் ஈ000ஈடி00 முகவரியில் உள்ள சிபியூஐடி என்ற அடையாள ரெஜிஸ்டர். அதில் 15 முதல் 4 வரையான பிட்கள் புராசஸரின் பகுதி எண்: எம்0 என்றால் சி20, எம்0+ என்றால் சி60, எம்3 என்றால் சி23, எம்4 என்றால் சி24, எம்7 என்றால் சி27. இந்த முகவரி எம் வகை முழுவதற்கும் பொது என்பதால் இதிலிருந்துதான் தொடங்க முடியும். ஆனால் சி24 என்று வந்தாலும் மிதவைப்புள்ளி இருக்கிறதா என்பது தெரியாது. எம்4-இல் அது விருப்பத் தேர்வு. அதற்கு ஈ000ஈஎஃப்40 முகவரியில் உள்ள எம்விஎஃப்ஆர்0-ஐப் படியுங்கள். எம்4எஃப் என்றால் 10110021 என்று வரும், இல்லாவிட்டால் பூஜ்யம். படிப்பது மட்டும்தான், எதுவும் மாறாது.

உங்கள் பிரேக்பாயிண்ட் சிக்கலுக்கு ஈ0002000-இல் உள்ள கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரைப் பாருங்கள். அதன் 7 முதல் 4 வரையான பிட்கள், நிரல் முகவரிகளுக்கு எத்தனை ஒப்பீட்டுச் சுற்றுகள் உள்ளன என்று சொல்லும். எம்3, எம்4 இரண்டிலும் வழக்கமாக ஆறு. எம்0+இல் அதிகபட்சம் நான்கு. சிப் செய்பவர் குறைத்தும் வைக்கலாம். ஆறு என்று எழுதிவைப்பதும், நான்கு என்று எழுதிவைப்பதும் ஒரே தவறுதான். எம்7 வாங்கும் எண்ணம் இருந்தால், அதே ரெஜிஸ்டரின் மேல் நான்கு பிட்களையும் பாருங்கள். அங்கே 1 என்று இருந்தால் அது இரண்டாம் பதிப்பு. ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் முகவரியை எழுதும் முறையே வேறு. முதல் பதிப்பில் சொல்லின் மேல் பாதியா கீழ் பாதியா என்பதை உச்சியில் உள்ள இரண்டு பிட்கள் சொல்லும், முகவரியும் முதல் 512 எம்பிக்குள் இருந்தாக வேண்டும். இரண்டாம் பதிப்பில் முழு முகவரியையும் அப்படியே எழுதலாம். பழைய முறையில் எழுதினால் பிரேக்பாயிண்ட் வைத்ததாகவே தோன்றும், நிரல் நிற்காது. வாட்ச்பாயிண்டுகளுக்கு (ஒரு நினைவக முகவரியைத் தொட்டால் நிரலை நிறுத்துபவை) ஈ0001000, மேல் நான்கு பிட்களில் எண்ணிக்கை.

அடுத்தது உங்கள் புரோப்பின் தவறு. இரண்டு பிரேக்பாயிண்டுகள் சத்தமின்றிக் காணாமல் போனது சிப்பின் குற்றம் அல்ல. இல்லாத ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, ஜிடிபிக்கு 'ஓகே' என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். இடம் தீர்ந்துவிட்டால் பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்புங்கள். வெற்றுப் பதில் அனுப்பிவிடாதீர்கள். அந்த வகைப் பிரேக்பாயிண்டே இங்கே கிடையாது என்பதுதான் அதன் பொருள்.

---

ஆலங்குளத்தான் எழுதியது:

காற்றாலைத் தம்பியின் 72 பைட்டுக்கு என்னிடம் மறுமொழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிப்பைக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதற்கு எதிராக, என் மேசையில் இப்போது கிடக்கும் ஒரு போர்டைக் காட்டுகிறேன்.

எஸ்டிஎம்32எஃப்103 என்று அச்சிட்ட சிப். விற்றவரைப் பற்றி இங்கே பேச்சு வேண்டாம். ஓப்பன்ஓசிடி என்ற டீபக் மென்பொருளை மாட்டினால், எதிர்பார்த்த அடையாள எண் 1பிஏ01477, வந்தது 2பிஏ01477 என்று சொல்லி நின்றுவிடுகிறது. இது அசல் அல்ல என்பது தெரிந்த கதைதான். அந்தச் சோதனையைத் தளர்த்திவிட்டு உள்ளே போனால், சிபியூஐடி சாதுவாக எம்3 என்கிறது, ரெஜிஸ்டர்கள் எல்லாம் சரியாக வருகின்றன, நிரலும் ஓடுகிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது போல, ஃபிளாஷ் எழுதும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. இதைச் சிப்பைக் கேட்டு எப்படித் தெரிந்துகொள்வது?

---

பொருநைக்கரை எழுதியது:

அந்த எண்ணையே பிரித்துப் பாருங்கள். மேலே உள்ள முதல் இலக்கம், அந்த டீபக் இணைப்புப் பகுதியின் திருத்தப் பதிப்பு மட்டுமே. 'பிஏ' அதன் பகுதி எண். 477 என்பது வடிவமைத்தவர் ஏஆர்எம் என்று சொல்கிறது. 2பிஏ01477 என்ற எண்ணை அசலான எம்4 சிப்கள் பலவற்றிலேயே பார்க்கலாம். ஆகவே அந்த 32 பிட்டையும் ஒட்டுமொத்தமாக ஒப்பிட்டு, இது போலி என்று தீர்ப்புச் சொல்வது முறையல்ல. அது சொல்வதெல்லாம் இணைப்புப் பகுதி புதியது என்பதுதான். இணைவதற்கு அந்த இலக்கத்தை ஒதுக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். சிப்பின் தயாரிப்பாளர் யார் என்று அறிய வேண்டுமானால் ரோம் டேபிள் என்ற பட்டியலின் அடையாள ரெஜிஸ்டர்களைப் படியுங்கள். ஜெடெக் என்ற தர அமைப்பு தயாரிப்பாளருக்கு வழங்கிய குறியீடு அங்கே இருக்கும். அச்சிட்ட பெயரும் அந்தக் குறியீடும் ஒத்துப்போகாவிட்டால் புரோப் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் எழுத மறுக்கவும் வேண்டும். ரெஜிஸ்டர்களைக் காட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

அட்டவணை அறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபிளாஷ் பக்க அளவு எஃப்103 குடும்பத்துக்குள்ளேயே மாறுகிறது. நடுத்தரக் கொள்ளளவில் 1 கேபி, உயர் கொள்ளளவில் 2 கேபி. அதைப் புராசஸரிடம் கேட்டால் தெரியாது, அட்டவணையில்தான் வைத்தாக வேண்டும். ஆனால் அந்த அட்டவணைக்குத் திறவுகோல் அச்சிட்ட பெயராக இருக்கக் கூடாது. சிப்பிலிருந்து படித்த குடும்ப எண்ணாக இருக்க வேண்டும். நடுத்தரம் என்றால் 410, உயர்ந்தது என்றால் 414. அந்த எண் இருக்கும் இடமும் மாறும். எஸ்டிஎம்32 சிப்களின் எஃப்1, எஃப்4 குடும்பங்களில் ஈ0042000. எம்0+ கொண்ட எல்0, ஜி0 குடும்பங்களில் 40015800. முதலில் சிபியூஐடி, அதை வைத்து முகவரி, அங்கே குடும்ப எண், பிறகுதான் அட்டவணை. இந்த வரிசையை மாற்றிக் கேட்டால் இல்லாத முகவரியைப் படித்து பஸ் பிழையில் போய் நிற்பீர்கள்.

அட்டவணையிலிருந்து எடுத்ததையும் ஜிடிபியிடம் சொல்லிவிடுங்கள். நினைவக வரைபடம் என்று இன்னோர் எக்ஸ்எம்எல் உண்டு. இந்த முகவரி முதல் இந்த முகவரி வரை ஃபிளாஷ், பக்க அளவு இவ்வளவு என்று அதில் எழுதிவிட்டால், அங்கே பிரேக்பாயிண்ட் வைக்கும்போது தானாகவே ஹார்டுவேர் வகையைத் தேர்ந்துகொள்ளும்.

---

தென்காசி_மாணவி எழுதியது:

வணக்கம். பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் செயல்திட்டம் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த புராசஸர் கட்டமைப்பைப் பற்றியது. சென்னை ஐஐடியின் சக்தி புராசஸரைப் பற்றிப் படித்துவிட்டு, எஃப்பிஜிஏ என்ற, உள்சுற்றை நாமே அமைக்கக்கூடிய சிப்பில் சிறிய 32 பிட் கோர் ஒன்றை ஏற்றியிருக்கிறோம். அதற்கு டீபக்கர் எழுத வேண்டும். எந்த நீட்சிகள் (கூடுதல் கட்டளைத் தொகுதிகள்) உள்ளன என்பதை 'மிசா' ரெஜிஸ்டரில் படிக்கலாம் என்று பாடத்தில் இருக்கிறது. நாங்கள் படித்தால் பூஜ்யம் வருகிறது. மேலும், மிதவைப்புள்ளி ரெஜிஸ்டரைப் படிக்க முயன்றால் பிழை வருகிறது. ஆனால் எங்கள் கோரில் மிதவைப்புள்ளி உண்டு என்று உறுதியாகத் தெரியும். ஏஆர்எம்முக்குச் சொன்ன முறை இதற்கும் பொருந்துமா, ஐயா?

---

பொருநைக்கரை எழுதியது:

கேள்விக்கு நன்றி, அம்மா. மிசா பூஜ்யமாக இருப்பது பிழையல்ல. அந்த ரெஜிஸ்டரைச் செயல்படுத்தாத கோர் பூஜ்யத்தைத் திருப்பித் தரலாம் என்று விதியே அனுமதிக்கிறது. பூஜ்யம் என்றால் எந்த நீட்சியும் இல்லை என்று பொருளல்ல. பதில் சொல்லவில்லை என்று பொருள். இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோர் 32 பிட்டா 64 பிட்டா என்பதை மிசாவின் உச்சி இரண்டு பிட்கள் சொல்லும். ஆனால் உச்சி எங்கே என்று தெரிய அகலம் தெரிந்திருக்க வேண்டும். ஓப்பன்ஓசிடி இதைச் சுற்றிப் போகிறது. டீபக் பகுதியிடம் ஒரு பொது ரெஜிஸ்டரை 64 பிட்டாகப் படித்துத் தா என்று கேட்கும். முடியாது என்று வந்தால் 32 என்று கொள்ளும்.

மிதவைப்புள்ளிச் சிக்கலுக்கு, வந்த பிழை எண்ணைப் பாருங்கள். 2 என்றால் அந்தக் கட்டளையை டீபக் பகுதி ஆதரிக்கவில்லை. 3 என்றால் கட்டளை ஓடும்போது எக்செப்ஷன் ஏற்பட்டது. உங்களுக்கு 3 வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எம்ஸ்டேட்டஸ் என்ற நிலை ரெஜிஸ்டரில் எஃப்எஸ் புலம் பூஜ்யமாக இருக்கும்போது மிதவைப்புள்ளி அணைந்திருக்கும். அந்த நிலையில் இருக்கிற ரெஜிஸ்டரைக் கேட்டாலும் எக்செப்ஷன்தான் வரும். இங்கே மட்டும், நிலையை மாற்றாதே என்று மேலே நான் சொன்னதை மீற வேண்டியிருக்கிறது. எம்ஸ்டேட்டஸைச் சேமித்து, எஃப்எஸ்ஸை இயக்கி, படித்துவிட்டு, பழைய மதிப்பை அப்படியே திருப்பி வையுங்கள். எந்தப் பாதையில் பிழை வந்தாலும் திருப்பி வைக்கும் வரி கட்டாயம் ஓட வேண்டும். நான் ஒரு முறை அதைப் பிழைப் பாதையில் மறந்து, நண்பரின் கோரில் இரண்டு நாள் இல்லாத வழுவைத் தேடவைத்தேன்.

பிரேக்பாயிண்டுக்கான டிரிகர்களின் எண்ணிக்கை எந்த ரெஜிஸ்டரிலும் எழுதியிருக்காது. டிரிகரைத் தேர்ந்தெடுக்கும் 'டிசெலக்ட்' ரெஜிஸ்டரில் 0, 1, 2 என்று எழுதி, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். வராத இடத்தில் பட்டியல் முடிகிறது. முடிந்ததும் டிசெலக்டின் பழைய மதிப்பையும் திருப்பி வையுங்கள்.

---

வள்ளியூர்க்_காற்று எழுதியது:

பாளைத் தம்பிக்கு ஒரு சொல். கோரை நிறுத்தினால் மோட்டார் நின்றுவிடாது; ரிலே எந்த நிலையில் இருந்ததோ அப்படியே இருக்கும், ஃபேஸ் போனாலும் கவனிக்க ஆள் இருக்காது. வாட்ச்டாக் மட்டும் ஓடிக்கொண்டிருந்து, நீங்கள் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்டை ரீசெட் செய்துவிடும். கோர் நிற்கும்போது வாட்ச்டாகும் நிற்கச் செய்யும் பிட் எஃப்1-இல் ஈ0042004 முகவரியில் 8ஆம் பிட். எஃப்4-இல் ஈ0042008 முகவரியில் 12ஆம் பிட். எல்0-வில் 40015808 முகவரியில் 12. இது ஆலங்குளத்து அண்ணாச்சியின் அட்டவணையில் இருக்க வேண்டிய சங்கதி. தோட்டத்தில் மாட்டுவதற்கு முன் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள்.

---

பாளை_மோட்டார் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இடையில் மானூரில் இரண்டு போர்டுகள் தண்ணீரில் நனைந்துவிட்டதால் தாமதம்.

நாடாக்களைக் கிழித்துவிட்டேன். இப்போது ஒரே ஃபர்ம்வேர். இணைந்ததும் சிபியூஐடியைப் படிக்கிறது, எம்விஎஃப்ஆர்0-ஐப் படிக்கிறது, ஒப்பீட்டுச் சுற்றுகளை எண்ணுகிறது, அதற்கேற்ப எக்ஸ்எம்எல்லைத் துண்டு துண்டாகச் சேர்த்து ஜிடிபிக்குக் கொடுக்கிறது. முழு எக்ஸ்எம்எல்லையும் புரோப்பின் ராமில் வைக்க இடமில்லை என்று முதலில் திகைத்தேன். ஜிடிபி அதை இத்தனையாம் பைட்டிலிருந்து இத்தனை பைட் என்று பகுதி பகுதியாகத்தான் கேட்கிறது என்பதைக் கவனித்தபின், கேட்ட பகுதியை மட்டும் அப்போதே உருவாக்கி அனுப்புகிறேன். எம்0+இல் ஐந்தாவது பிரேக்பாயிண்ட் வைத்தால் இப்போது ஜிடிபி நேராகவே முடியாது என்கிறது. எம்4எஃப்பில் மின்னோட்டச் சராசரி எஸ்16-இல் இருப்பதை முதல் முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

ஆலங்குளத்து அண்ணாச்சி தம் மேசையில் கிடந்த அந்தப் போர்டை எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். என் புரோப், எம்3, மிதவைப்புள்ளி இல்லை, ஆறு ஒப்பீட்டுச் சுற்றுகள் என்று சொல்லிவிட்டு, தயாரிப்பாளர் குறியீடு ஒத்துப்போகவில்லை, ஃபிளாஷ் எழுத மாட்டேன் என்றது. ரெஜிஸ்டர்களை எல்லாம் காட்டியது.

ஒன்று மட்டும் மிச்சம். வாட்ச்டாக் பிட்டை நான் எழுதுகிறேன். இணைப்பைத் துண்டிக்கும்போது பழைய நிலைக்குத் திருப்புகிறேன். ஆனால் துண்டிக்கும் கட்டளை வராமல் யாராவது கம்பியைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பிட் அப்படியே நின்றுவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால்தான் போகிறது. அதனால் இப்போதைக்கு ஃபியூஸோடு சேர்த்து, வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சையும் ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லி, புரோப்பின் மேல் நாடா ஒட்டியிருந்த இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.